மழைமானியும் ஒரு தறிக்குழியும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் தம்பி தங்கைகளுக்கு,

ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டு, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது ஒரு மரியாதை. அவன் சொல்லும்போது தலையைக் குனிந்து செல்போனைப் பார்ப்பது இன்னொரு மரியாதை. இரண்டையும் என் காலத்தில் நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் மேடையில் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதினதைப் படிக்காமல் விடுவது உங்களுக்கும் சுலபம்.

தாமிரபரணிப் பாசனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அணைக்கட்டு, கால்வாய், குளம், மடை என்று பார்க்காதது இல்லை. இதில் அறிவாளித்தனமாக நான் செய்தவற்றை என் மேலதிகாரிகள் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். தப்புகளை மட்டும் பெருந்தன்மையோடு என்னிடமே விட்டுவிட்டார்கள். ஆகவே என்னிடம் மிச்சம் இருப்பது அவைதான். அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன்.

மேலப்பாளையத்துக்குத் தெற்கே ஒரு குளம் என் பொறுப்பில் இருந்தது. பெயர் வேண்டாம். கால்வாய்த் தண்ணீரும் வரும், தெற்கே மேட்டுக்காட்டில் பெய்யும் மழையும் ஓடிவரும். குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் வழிக்கு மறுகால் என்று பெயர். அந்த மறுகால் ஓடை நேராக ஒரு தெருவுக்குள் போகும். ஓடைக்குள் தெரு வந்ததா, தெருவுக்குள் ஓடை போனதா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கு இன்னும் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நெசவாளர்களும் பீடி சுற்றுகிறவர்களும் குடியிருக்கும் தெரு.

முதலில் நான் கோமாளியான வருடத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் கோடை முழுக்க ஒரு தூறல் இல்லை. குளத்துக்குள் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புரட்டாசியில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எங்கள் அலுவலக முற்றத்தில் இருந்த மழைமானி வழிந்துவிட்டது. என் சர்வீசில் அப்படி ஒரு அளவை நான் எழுதியதே இல்லை. உடனே மடைகளைத் திறக்கச் சொன்னேன். ஆட்டோவில் மைக் கட்டித் தெருவைக் காலி செய்யச் சொன்னேன். சனம் முழுவதையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் குளத்தில் கணுக்கால் தண்ணீர். வெயில் பளீரென்று அடிக்கிறது. வெடித்துக் கிடந்த மண் அவ்வளவு மழையையும் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பது போலக் கிடந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாத்துமுத்து என்று பெயர். நெசவாளி மைதீன் பாயின் மனைவி.

"சார், வெயில் நல்லா அடிக்கு. வந்ததுதான் வந்தோம், ஒரு கொடி கட்டித் தாங்க. துணியாவது காயப்போட்டுட்டுப் போறோம்" என்றார்.

தெருவே சிரித்தது. பாசன சங்கத் தலைவருக்குச் சிரிக்க முடியவில்லை. வந்த கொஞ்சத் தண்ணீரையும் நான் மடை வழியாக விட்டுவிட்டேன் அல்லவா. மூன்று தலைமுறையாக அந்தக் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர், ஊருக்கே அண்ணாச்சி. "நாலு சொட்டு வுழுந்ததுக்குக் கொளத்தத் தொறந்து வுட்டியளே சார். மேகம் கறுத்தாலே ஒங்களுக்குக் காச்சல் வந்துருமோ?" என்று கேட்டார். அதையே ஆங்கிலத்தில் என் மேலதிகாரி மெமோவாகக் கேட்டார்.

மானம் போனவன் பாடம் கற்றுக்கொள்வான். நானும் கற்றுக்கொண்டேன், தப்பான பாடத்தை. அலுவலகத்தில் ஒரு குறிப்பு நோட்டு உண்டு. ஒரு பொறியாளர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவருக்கு விட்டுச்செல்வது. அதில் சிவப்பு மையில் எழுதினேன்: இந்தக் குளத்துக்கு ஒரே நாளில் இன்ன அளவு மழை வரை பயமில்லை. கீழே இரண்டு கோடு வேறு போட்டேன். அந்த அளவு எதன் மேல் பெய்தது, காய்ந்த மண்ணிலா ஈர மண்ணிலா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நம் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாதே. கட்டம் இல்லாத ஒன்று உலகத்தில் எப்படி இருக்க முடியும்?

இரண்டு வருடம் கழித்து நேர் எதிரான ஒரு ஐப்பசி வந்தது. பெருமழை என்று ஒரு நாளும் இல்லை. மூன்று வாரம் தினமும் நசநசவென்று தூறல். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து ஒரு சின்ன எண்ணை எழுதுவேன். சிவப்பு மையை ஒரு தடவை பார்ப்பேன். பயமில்லை என்று இருக்கும். டீ குடிக்கப் போவேன். முந்தின நாள் எண்ணையும் அதற்கு முந்தின நாள் எண்ணையும் சேர்த்துப் பார்க்க என்னை யாரும் கேட்கவில்லை. நானாக ஏன் வேலையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்?

அப்படி ஒரு காலையில்தான் மைதீன் பாய் அலுவலகத்துக்கு வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார்.

"சார், தறிக்குழியில தண்ணி ஊறுது" என்றார்.

குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? தரையில் இடுப்பளவு குழி தோண்டி, நெசவாளி அதற்குள் காலை இறக்கி உட்கார்ந்து மிதிப்பார். எனக்கு அது சாக்கடைப் புகாராகப் பட்டது. "அது மாநகராட்சியில் சொல்ல வேண்டியது பாய்" என்றேன். பிரச்சினையை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளுவதில் நமக்கு இருக்கும் வேகம் எந்தக் கால்வாய்க்கும் கிடையாது.

"வெளியேருந்து வரல சார். தரைக்குள்ளேருந்து ஊறுது. பெருமழ பெஞ்சா எந்த வருசமும் லேசா ஊறும், ரெண்டு நாள்ல வத்திரும். இது பத்து நாளா எறைக்கேன், வத்த மாட்டேங்கு. மண்ணு இனும வாங்காது போல. இதுக்கு மேல ஒரு மழ வந்தா அது எங்கன போவும்?"

கவனியுங்கள். நம் மொத்தப் பாடமும் இந்த ஒரு கேள்விதான். மழை விழுந்ததும் முதலில் மண் குடிக்கும். மண் குடித்த மிச்சம்தான் ஓடிவந்து குளத்தில் சேரும். மண் ஏற்கெனவே முட்டக் குடித்திருந்தால், விழுகிற சொட்டு எல்லாமே மிச்சம்தான். பந்தியில் வயிறு நிறைந்தவனுக்கு ஊற்றிய பாயசம் இலையை விட்டு வெளியே ஓடுகிற மாதிரி. இதற்கு மைதீன் பாய் பட்டம் வாங்கவில்லை. பட்டம் வாங்கிய நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தது தறிக்காக இல்லை. பாத்துமுத்து அம்மாவுக்கு முந்தின வருடம் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. நடக்க முடியாது. ஆனால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்காருவார். இடது கையால் தானே சாப்பிடுவார், ராட்டினம் சுற்றிப் புருஷனுக்கு நூல் சுற்றித் தருவார்.

"மழ வருதுன்னு டிவியில சொல்லுதான். இவளத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள என்னால ஓட முடியாது சார். மேலச் செவல்ல மவ வீடு இருக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா இன்னைக்கே கொண்டு போய் வுட்டுருதேன். மருமவன் வீட்டுல போய்ச் சும்மா இருக்கதுக்கு அவளுக்குக் கூச்சம். சார் சொன்னாவன்னா கேப்பா."

ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் நோட்டை எடுத்துச் சிவப்பு மையைப் பார்த்தேன். அண்ணாச்சி கேட்ட காய்ச்சல் கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தடவை கோமாளியாக நான் தயாரில்லை.

"ஒண்ணும் ஆகாது பாய். இப்பச் சொல்லுற மழை அன்னைக்குப் பெய்ததுல பாதிகூட இல்லை. நிம்மதியா வீட்டுல இருங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதே நாள் மத்தியானம் லஸ்கர் சுடலைமுத்து வந்தார். கரையையும் மடையையும் காக்கிற நம் துறை ஊழியர். "சார், கரைக்கு வெளிப்பக்கம் காலு வச்சா பொதக்குங்கு. மறுகால்ல சங்கத்துக்காரவ மண்ணு மூட்ட அடுக்கி வச்சிருக்காவ. எடுக்கச் சொல்லட்டா?" என்று கேட்டார். பிசான நெல் சாகுபடிக்கு இன்னும் அரை அடி தண்ணீர் கூட நிற்கட்டும் என்று விவசாயிகள் மூட்டை அடுக்குவது வழக்கம். நாம் பார்க்காததுபோல் இருப்பதும் வழக்கம். "அண்ணாச்சிகிட்ட யார் பேச்சு வாங்குறது, இருக்கட்டும்" என்றேன். சுடலைமுத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வணக்கத்தில் மரியாதை குறைவாகவே இருந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. பதினோரு மணிக்கு மழைமானியைப் பார்த்தேன். அந்தப் பழைய மழையில் பாதிகூட இல்லை. மனசுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அப்போதுதான் சுடலைமுத்துவின் போன்.

"நீங்க அங்கன மழைமானியப் பாத்துக்கிட்டு இருங்க சார். இங்கன கொளம் கரையத் தொடப் போவுது."

போய்ப் பார்த்தேன். கரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. மேட்டுக்காட்டிலிருந்து ஓடை ஓடையாக இல்லை, காடு முழுக்கத் தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டையும் மண் வாங்கவில்லை. கரையின் வெளிப்பக்கம் நேற்றுப் பொதக்கிய இடம் இன்று கசிந்தது. மடைகளைத் திறந்து வடிக்கிற அளவை அது தாண்டிவிட்டது. இனி இரண்டே வழி. மறுகால் மூட்டைகளை எடுத்தால் தண்ணீர் தெருவுக்குள் போகும், இடுப்பளவு ஏறும். எடுக்காவிட்டால் கரை உடையும், தெருவோடு கீழே இருக்கும் எல்லாம் போகும். இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அந்தத் தெருவில் ஒரு கட்டில் தெரிந்தது. நிம்மதியாக வீட்டில் இருங்கள் என்று நேற்றுத்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அண்ணாச்சி குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தார். வந்ததும் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குளத்தைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுகாலில் இறங்கினார்.

"ஏலே சுடல, இந்தப் பக்கம் புடி. எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துறாத லே. ஓரத்துலேருந்து ரெண்டு ரெண்டா எடு. கீழ சனம் இருக்கு" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீரு போயி அங்கனப் பாரும் வே" என்றார். சார் போய் நீரும் வேயும் வந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பொருத்தமான மரியாதை.

மூட்டைகளை அப்படி மெல்ல எடுத்து அவர் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அரை மணி நேரம். போலீஸ்காரர்களும் தெருப் பையன்களும் வீடு வீடாக ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். மைதீன் பாயின் வீடு கடைசியில், பள்ளத்தில். நான் போகும்போது முன்னறையில் முழங்கால் தண்ணீர். தறி இருந்த அறை அதுதான். உள்ளறையில் கட்டிலில் பாத்துமுத்து அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ராட்டினத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கட்டிலோடு தூக்கினோம். தலைமாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், கால்மாட்டில் பாயும் நானும். "சார், எடது பக்கமா ஒதுங்கி வாங்க. அங்கன குழி இருக்கு" என்று பாய் சொன்னார். தண்ணீர் கலங்கலாக இருந்தது. தரை எது, குழி எது என்று ஒன்றும் தெரியவில்லை.

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. மேலதிகாரிக்கு மட்டும் தனி மணி வைத்திருந்தேன், அவ்வளவு விசுவாசம். ஒரு கையில் கட்டில் காலைப் பிடித்தபடி மறு கையால் எடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மழை எவ்வளவு?"

அளவைச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிக்கொண்டே காலை வைத்தேன். கீழே தரை இல்லை.

குழிக்குள் இடுப்பு வரை போனேன். கட்டில் என் பக்கமாகச் சாய்ந்தது. பாத்துமுத்து அம்மா தறிச் சட்டத்தில் மோதித் தண்ணீருக்குள் விழுந்தார். பாய் கட்டிலை விட்டுவிட்டு அவரைப் பிடித்துத் தூக்கினார். அந்த அம்மா கத்தவில்லை. முனகினார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படித் தெருமுனை வரைக்கும் போனோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீருக்குள் போன என் போனைப் பற்றியும் கவலைப்படவில்லை. அதற்குள் அதில் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருந்தார்கள்.

கரை நின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. இந்த இரண்டு வாக்கியமும் என் அறிக்கையில் உண்டு. மூன்றாவதாக ஒன்று எழுதினேன்: எதிர்பாராத கனமழையே காரணம். மழைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிற எவனுக்கும் அது பொய் என்று தெரியும். யாரும் புரட்டவில்லை. மறுகாலைச் சமயோசிதமாகத் திறந்து கரையைக் காப்பாற்றியதற்காக எனக்குக் குடியரசு தினத்தில் சான்றிதழ் தந்தார்கள். மூட்டையைத் தூக்கிய அண்ணாச்சிக்கும் சுடலைமுத்துவுக்கும் தரவில்லை. அவர்களுக்கு நாம் பரிந்துரைப் படிவம் அனுப்பவில்லையே.

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பாத்துமுத்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஏற்கெனவே வாதம் வந்த உடம்பு, இனி உட்கார வைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைதீன் பாய் எனக்கு நாற்காலி தேடினார். ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. அவர் உபசரித்தார். நானும் வெட்கமில்லாமல், அறிக்கையில் எழுதியதையே அங்கேயும் சொன்னேன்.

"யாரும் எதிர்பார்க்காத மழை பாய்."

"ஆமா சார். அல்லா நாட்டம்" என்றார் அவர்.

அந்த அம்மா படுத்தபடியே என்னைப் பார்த்தார். வாதத்தில் நாக்கு குழறும். பையப் பையச் சொன்னார்.

"குழியில தண்ணி கெடந்துச்சுல்லா."

எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விசாரணை அறிக்கை அதுதான். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று ஆஸ்பத்திரி படியில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அதற்குப் பிறகு நான் மாறினேன். மாறினேன் என்றால் ஞானியாகிவிடவில்லை. காலை எண்ணோடு முந்தின இரண்டு வாரத்து எண்களையும் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன். வாரம் இரண்டு முறை மேட்டுக்காட்டுக்குப் போய் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். உருண்டை பிடித்து, அழுத்தினால் தண்ணீர் விட்டால் எத்தனை சின்ன மழை என்றாலும் பயப்படுவேன். உதிர்ந்தால் கொஞ்சம் மூச்சு விடுவேன். காய்ந்த மண் எல்லாமே குடிக்கும் என்று இதையும் ஒரு விதியாகச் சிவப்பு மையில் எழுதிவிடாதீர்கள். வெயிலில் சுட்டு இறுகிய செம்மண் மேட்டில் முதல் மழை வழுக்கிக்கொண்டு ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இப்போது மண் ஈரத்தையே வானத்திலிருந்து பார்த்து வண்ணப் படமாக அனுப்புகிறார்கள். நல்லது, பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு தடவை செருப்பில் சேறு படும்படி போயும் வாருங்கள். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

மறு வருடம் ஐப்பசியில் மறுபடி விடாத தூறல். இந்தத் தடவை கூட்டிப் பார்த்தேன், தோண்டிப் பார்த்தேன், மண் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. மறுகாலில் ஒரு மூட்டை வைக்க விடவில்லை. அண்ணாச்சியும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாளில் மழை என்று செய்தி வந்ததும் யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். இன்றைக்கே மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள் பாய் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் பீடி முறத்தை மடியில் வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"அவ்வொ மவ வீட்டுக்குப் போயி பத்து நாளாச்சு சார். தூத்தல் தொடங்கின அன்னைக்கே பாத்துமுத்துவக் கட்டிலோட வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாவ."

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நான்கூடச் சொன்னேன், ஆபீசுல சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவும்னு. அதுக்கு பாய், சாரு நல்ல மனுசந்தான், அவர எதுக்குச் சங்கடப்படுத்தணும்னாவ."

அந்த வருடம் நான் சொல்ல வந்த பதில் சரியான பதில். இரண்டாம் நாள் மழை வந்தது, தெருவில் தண்ணீர் ஏறியது. தெருவைக் காலி செய்ய நான் மைக் கட்டிய ஆட்டோவோடு போனபோது பாதி வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. என்னிடம் கேட்டுவிட்டுப் போனவர் ஒருவரும் இல்லை.